கிழக்கே போன கடல்

ஊட்டத்தூர் என்றதும் நம்மில் பலருக்குச் சுத்தரத்தினேஸ்வரர் கோயில்தான் நினைவுக்கு வரும். நிலவியல் படித்தவர்களுக்கோ, எந்த நாட்டவரானாலும், அது கிரெட்டேசியஸ் காலப் பாறை அடுக்கு ஒன்றின் பெயர். 1862இல் எச்.எஃப். பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்த வட்டாரத்துப் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். மேற்கே இருப்பது மூத்தது. கிழக்கே போகப் போக இளையது. அதே வரிசையில் பார்த்துவிட வேண்டும் என்று, மழைக்காலம் ஓய்ந்த ஒரு காலையில் பாடாலூரில் பேருந்தைவிட்டு இறங்கினேன்.

இந்தப் பக்கத்துக் குன்றுகளெல்லாம் கெட்டியான பழம்பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே நகர்ந்தால் காலடியில் இருப்பது பதினோரு, பன்னிரண்டு கோடி ஆண்டுகளே ஆன படிவுகள். இடையிலுள்ள 200 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு இங்கே ஒரு சாட்சியமும் இல்லை. படிந்தது எதுவானாலும் கரைந்து போய்விட்டது. ஒரு நிலத்தின் வரலாற்றில் இவ்வளவு பெரிய வெறுமையைச் சில நிமிட நடையில் கடந்துவிட முடிகிறது என்பதே என்னைச் சற்று நேரம் நிற்க வைத்தது.

கடல் இங்கே வந்த கதை கோண்டுவானா உடைந்த கதை. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒட்டியிருந்த பெருநிலம் பிளந்தபோது, இன்றைய காவிரிப் படுகையில் தரை விரிசல் விட்டுத் தாழ்ந்தது. அது உலகமெங்கும் கடல் உயர்ந்திருந்த காலம். துருவங்களில் பெரிய பனிப்பரப்பு இல்லை. கடலடியில் புதிதாக எழுந்த மலைத்தொடர்கள் நீரை மேலே தள்ளின. தாழ்ந்த தரைக்குள் நீர் நுழைந்தது. கல்லக்குடிப் பக்கம் பவளப்பாறைகள்கூட வளர்ந்தன. இன்றைய கடற்கரை அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர்!

ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த காரை என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஊரைத் தாண்டியதும் நிலம் திடீரென்று குலைகிறது. மஞ்சளும் சாம்பலும் துருச்சிவப்புமாகக் களிமண் மேடுகள். ஒவ்வொரு மேட்டையும் நூறு ஓடைகள் அரித்திருக்கின்றன. புல் அபூர்வம், மரம் அதைவிட அபூர்வம். மேடுகளின் குறுக்கே வெள்ளை ஜிப்சம் இழைகள் வெயிலில் மின்னின. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்ந்த, அமைதியான கடலடியில் மெல்ல மெல்லப் படிந்த சேறு இது. அலை எட்டாத அடியாழம் என்பதால் துகள் அவ்வளவு நுண்மை. கையில் எடுத்துக் கசக்கினால் மாவாகிறது.

குனிந்து பார்த்தபடியே ஓடையில் நடந்தேன். விரல் நீளத்தில் பழுப்புநிற உருளைகள், ஒரு முனை கூராக, அங்கங்கே கிடந்தன. பெலம்னைட்டுகள், கணவாயின் தொல் உறவினங்களின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. சுருள் ஓடு கொண்ட கடலுயிரான அம்மோனைட்டு கண்ணில் பட வெகு நேரமாயிற்று. கரையில் பாதி புதைந்து, ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டு, வரிவரியாக நின்றது. அந்த இனம் முழுவதும் கிரெட்டேசியஸ் முடிவில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு அழிந்துபோனது. தொட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கி வந்தார். "சுருட்டைக் கல்லுதானே தேடுறீங்க தம்பி?" என்றார்.

"ஆமாங்கய்யா. நிறைய இருக்குமா?"

"மழை பேஞ்சா புதுசு புதுசா வெளிய வரும். அடுத்த மழைக்கு அதுவே ஓடையில உருண்டு உடைஞ்சிரும். மிச்சத்தை வர்றவங்க பையில போட்டுக்கிட்டுப் போயிடுறாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்போ இந்த மேடெல்லாம் இன்னும் உசரம்."

நான் புத்தகங்களில் படித்து வந்ததைவிட அந்த ஒரு பேச்சில் காரை எனக்கு நன்றாகப் புரிந்தது. கடலை நமக்குக் காட்டிக்கொடுப்பது மழை. அதை அழிப்பதும் அதே மழை. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த ஒரு சிப்பிக்கு, வெளியே வந்தபின் சில பருவங்களே ஆயுள். பூமி மாறுவதைப் பழங்கதையாகவே நாம் பேசுகிறோம். இங்கே அது ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள், அவருடைய ஆடுகளின் காலடியில் நடந்திருக்கிறது.

சாத்தனூர்க் கல்மரம் அடுத்த தொகுதியான திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தது. வேலிக்குள் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. ஏதோ ஒரு நதி அடித்துக் கொண்டுவந்து கடலில் சேர்த்த மரம். வண்டலுக்குள் புதைந்து, நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தசையின் இடத்தைப் பிடிக்க, அது கல்லாகியது. இதை 1940இல் அறிவித்தவர், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரான எம்.எஸ். கிருஷ்ணன். காவலும் வேலியும் இருப்பதால் அது பிழைத்திருக்கிறது.

அரியலூரில் கடல் ஆழம் குறைந்துவிட்டது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காக நெருங்கியிருக்கின்றன. அந்தப் பாறைதான் சிமெண்டு ஆலைகளுக்குப் போகிறது. நம் வீட்டுச் சுவர்களில் அந்தச் சிப்பிகள் இருக்கின்றன என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, வீடும் வேண்டும். ஆனால் சுரங்கம் வெட்டும்போது திறக்கும் ஒவ்வொரு முகப்பும் அரைபடுவதற்கு முன் ஒரு முறையாவது படம் பிடித்துப் பதிவு செய்யப்பட வேண்டும்.

இன்னும் இளைய படிவுகளில், கல்லமேட்டில், கடல் விலகி ஆறுகள் ஓடின, டைனோசர்கள் நடமாடின. 1980களில் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்குரிய டைனோசருக்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஓயவும் வழியில்லை, அந்த எலும்புகள் பிறகு நொறுங்கிப்போய்விட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும் மட்டுமே.

வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அது மட்டும் போதாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் காரை ஓடைகளில் இறங்கி, வெளிவந்தது எது, எந்த அடுக்கில் என்று குறித்துவைக்க ஆட்கள் வேண்டும். பெரம்பலூர், அரியலூர்க் கல்லூரி மாணவர்களைப் பழக்கலாம். ஊர்க்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து அந்த வேலையில் அமர்த்தலாம். எந்த ஓடை எந்த மழையில் திரும்பியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.