பாடகரே பைலட்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 'ஃப்ளைட் 666' ஆவணப்படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் இசைக்குழு 2008இல் கிளம்பிய உலகச் சுற்றுப்பயணம்தான் படம். முதல் கச்சேரியே நம்ம மும்பையில், பிப்ரவரி 1 அன்று.

ஒரு போயிங் 757 விமானம். பின்பக்க இருக்கைகளைக் கழற்றிவிட்டு, டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர், மேடைச் சாமான், ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கல்யாண வீட்டுக்கு வேன் பிடித்துப் போகிற மாதிரிதான். 45 நாளில் 23 கச்சேரி. ஓட்டியது யார் தெரியுமா? பாடகர் புரூஸ் டிக்கின்சன். விளம்பரத்துக்கு இல்லை, விமான நிறுவனத்தில் வேலை பார்த்த நிஜ பைலட். மேடையில் தொண்டை கிழியக் கத்தும் அதே ஆள், தோளில் பட்டையோடு காக்பிட்டில் நிதானமாக உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பாட்டைவிட அந்தக் காட்சிதான் பிடிக்கும்.

2015இல் அவருக்கு நாக்கின் பின்பகுதியில் வந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை. மறுவருடமே மறுபடி உலகப் பயணம், இந்த முறை ஜம்போ 747. அதையும் ஓட்டக் கற்றுக்கொண்டார். சிலியின் சாண்டியாகோவில் விமானத்தை இழுத்துப்போன வண்டி மோதி இரண்டு இன்ஜின் நாசம். விமானம் அங்கேயே நிற்க, குழு வேறு வழியில் அர்ஜென்டினா போய்க் கச்சேரியை நடத்தியது.

மெட்டல் என்றாலே காதைப் பொத்துகிறவர்களும் அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். வால்யூமைக் குறைத்துக்கொண்டாவது.