செம்மண்ணின் மேல் ஒரு பல்கலைக்கழகம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போனால் கொஞ்ச நேரத்தில் திருநெல்வேலிச் சந்தி வந்துவிடும். ஊர் நல்லூர் பிரதேச சபையின் கீழ் வருகிறது.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே சிவந்த மண், கீழே சுண்ணாம்புக்கல், அந்தக் கல்லின் வெடிப்புகளில் மாரி மழை விட்டுப்போன தண்ணீர். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது; குடிக்கவும் இறைக்கவும் கிணறுதான். ஒருவர் துலாவில் ஏறி மிதிப்பார், ஒருவர் கிணற்றடியில் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார், இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். அந்த மூன்று பேர் வேலையைப் பிறகு மண்ணெண்ணெய் மெசின் எடுத்துக்கொண்டது. பூவரசங்குழையை வெட்டித் தாழ்த்தார்கள், தோட்டத்தில் பட்டி அடைத்தார்கள். கத்தரி, மிளகாய், வெங்காயம், பயற்றங்காய் என்று மண் ஒரு போகமும் சும்மா கிடக்கவில்லை. 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். நாலைந்து பரப்பை வைத்துக்கொண்டே பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கிய வீடுகள் இங்கே எத்தனையோ.

அந்த உழைப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலிச் சந்தைக்கு விடியற்காலையில் போக வேண்டும். கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்து மரக்கறியும் நீர்வேலி வாழைக்குலையும் அங்கே வந்து இறங்கும். ஈரம் காயாத கீரைப்பிடியை வைத்திருக்கும் அம்மாவிடம் "எப்ப பிடுங்கினதணை?" என்று கேட்டால், "இப்பதான் பிள்ளை, வேரைப் பார்" என்று காட்டுவார். குடாநாட்டின் பாதிச் சமையலுக்குச் சாமான் இங்கேதான் என்று எங்கள் ஆட்கள் சொல்வதில் பெருமை கொஞ்சம் கூடியிருக்கலாம், பொய் அதிகமில்லை.

படிப்பும் இந்த ஊருக்கு இரவல் வந்ததல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியை இங்கே தொடங்கினார். 1974இல் அந்த வளவிலேயே யாழ்ப்பாண வளாகம் பிறந்தது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மண்ணெண்ணெய்க்கே தவித்த யுத்த காலத்திலும், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகும் அது அணையாமல் நின்றது. அதை எங்கள் வீட்டுச் சொத்தாகத்தான் நினைக்கிறோம்.

யுத்தம் முடிந்தபின் அது வளர்ந்த வேகத்துக்கு ஊரால் ஈடுகொடுக்க முடியவில்லை. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், வரத்தான் வேண்டும். விடுதிகள் எல்லாருக்கும் போதவில்லை. மிச்சப் பேர் வாடகை அறை தேடுகிறார்கள். தோட்டக்காணியில் கத்தரி நட்டு வரும் காசைவிட மாடி கட்டி அறை விட்டு வரும் காசு அதிகம் என்றால் விற்கிறவரை எப்படிக் குறைசொல்வது? இராமநாதன் வீதியிலும் கலட்டிப் பக்கமும் நெருக்கி நெருக்கி மாடிகள். இங்கேயே பிறந்த இளம் குடும்பத்துக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. காலையில் பரமேஸ்வராச் சந்தியைக் கடக்க வயதானவர்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பயம் தண்ணீர். ஒரு வீட்டுக்கு என்று வெட்டிய மலக்குழியை இருபது பேர் பாவிக்கிறார்கள். அடுத்த வளவுக் கிணறு அதற்கு எட்டும் தூரத்தில். சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது. வெடிப்பு வழியே நேரே கீழே விடும். தோட்டத்துப் பசளையால் ஏற்கெனவே நைத்திரேற்று ஏறிய தண்ணீரில் இதுவும் சேர்கிறது. அறை கட்ட அனுமதி கொடுக்கிறவர்கள் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரத்தை உண்மையில் அளந்துதான் கொடுக்கிறார்களா?

பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் நடக்கின்றன. ஆகவே எல்லாவற்றையும் இந்தச் சில வீதிகளுக்குள் அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இனிக் கட்டுகிற ஒவ்வொரு பீடத்தோடும் அதற்கான விடுதியையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் சேர்த்துக் கட்டுங்கள். மிஞ்சியிருக்கும் தோட்டக்காணியில் வீடு கட்ட அனுமதி கொடுக்காதீர்கள்.

காணி வைத்திருக்கும் ஊரவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடைசிப் பரப்பையும் விற்குமுன் உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒருதரம் பரிசோதித்துப் பாருங்கள்.