மூவரில் தொடங்கும் பேரரசு

நுழையும்முன்

பேரரசுகளின் வரலாற்றைப் போர்களின் வரலாறாகவே படித்துப் பழகியிருக்கிறோம். வாளும் வேலும் களிறும் புரவியும் நம் கண்முன் நிற்கின்றன; அவற்றை ஏந்தியவர்களுக்கும் செலுத்தியவர்களுக்கும் சோறிட்டவர்கள் கண்ணில் படுவதில்லை. கணினித் திரையில் பேரரசு ஒன்றைக் கட்டியெழுப்பக் கற்ற ஒருவர், அதன் வழியாகத் தம் மண்ணின் வரலாற்றையும் தம் நண்பனின் வாழ்வையும் உணர்ந்துகொண்ட அனுபவமே இக்கட்டுரை.

முதல் தோல்வி

2004ஆம் ஆண்டு. நான் கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தனி மாவட்டமானது 2019இல்தான். பேருந்து நிலையத்திற்கு அருகே, ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஆறு கணினிகளுடன் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. சனிக்கிழமை பிற்பகலில் விடுதிக்கு வெளியே செல்ல இசைவு கிடைக்கும். வீட்டிலிருந்து வரும் சிறு தொகையில் மிச்சம் பிடித்ததை எடுத்துக்கொண்டு அங்கே ஓடுவேன்.

அங்கு நான் கண்டதுதான் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் விளையாட்டின் இரண்டாம் பாகம். 1999இல் வெளியான அந்த விளையாட்டு, இடைக்காலப் பேரரசு ஒன்றை ஆளும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைக்கும். தொடக்கத்தில் நமக்குக் கிடைப்பவை மிகச் சில: ஓர் ஊர்மன்றம், குதிரையேறிய ஓர் ஒற்றன், மூன்று குடியானவர்கள். சுற்றிலும் இருள். எங்கே காடு, எங்கே பொன், எங்கே பகைவன் என்பதை நாமே கண்டறிய வேண்டும்.

பேரரசு என்றதும் எனக்குப் படைதான் நினைவுக்கு வந்தது. கையிலிருந்த மரத்தையெல்லாம் செலவிட்டுப் படைக்கொட்டில் ஒன்றைக் கட்டினேன். வீரர்களைத் திரட்ட முயன்றபோது உணவு இல்லை என்றது கணினி. சற்று நேரத்தில் பகைவனின் படை வந்து என் ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டது. மறுவாரமும் அதே தோல்வி. அதற்கடுத்த வாரமும் அதே தோல்வி.

மூன்றாம் தோல்வியின்போது என் நாற்காலிக்குப் பின்னால் விடுதித் தோழன் ஒருவன் நின்றிருந்தான். கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து படிப்பவன். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன். அதிகம் பேசமாட்டான். அன்று திரையைச் சுட்டிக்காட்டி ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

“சண்டை இருக்கட்டும்டா. உன் ஆளுங்க ரெண்டு பேரு ரொம்ப நேரமா சும்மா நிக்கிறாங்க, பாரு.”

சோறு முதலில், படை பிறகு

அவன் சொன்னது உண்மை. மரம் வெட்டி முடித்த இருவர் அடுத்த வேலைக்கு ஏவப்படாமல் காட்டோரத்தில் நின்றிருந்தனர். வேலையின்றி நிற்போரைக் காட்டுவதற்கென்றே அந்த விளையாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை நான் ஒருமுறைகூட அழுத்தியதில்லை.

அன்றுமுதல் இருவரும் சேர்ந்து விளையாடினோம், கணக்கிட்டோம். ஒரு புதிய குடியானவரை உருவாக்க 50 பங்கு உணவும் 25 நொடியும் தேவை. ஒரு வீடு கட்டினால் ஐந்து பேருக்கு இடம் கிடைக்கும். வயல் ஒன்றை அமைக்க 60 பங்கு மரம் வேண்டும். அடுத்த காலகட்டத்திற்கு முன்னேற 500 பங்கு உணவு சேர்த்தாக வேண்டும். ஆகவே, முதற்பத்து நிமிடங்களில் செய்யவேண்டியது ஒன்றே: ஊர்மன்றம் ஒரு நொடியும் ஓய்வின்றிக் குடியானவர்களை உருவாக்கிக்கொண்டிருக்க வேண்டும். அருகிலுள்ள ஆடுகளால் முதற்பசி தீரும். பிறகு காட்டுப் பழங்களும் வேட்டையும். அவை தீருமுன்னே வயல்கள் தொடங்கிவிட வேண்டும். காடும் சுரங்கமும் எங்குள்ளனவோ அங்கேயே கிடங்கு அமைக்க வேண்டும்; சுமந்து நடக்கும் தொலைவு குறைந்தால் விளைச்சல் பெருகும்.

அக்காலத்தில்தான் எங்கள் தமிழாசிரியர் திருக்குறளின் பொருட்பாலை நடத்திக்கொண்டிருந்தார். அதிகாரங்களின் வரிசையைக் கவனித்தபோது வியப்படைந்தேன். எழுபத்து நான்காம் அதிகாரம் நாடு, அடுத்து அரண், அதற்கடுத்துப் பொருள்செயல்வகை. அதன் பின்னரே படைமாட்சி வருகிறது. நான் மூன்று வாரம் தோற்றுக் கற்ற பாடம் அந்த வரிசையிலேயே இருந்தது.

வலியும் காலமும் இடமும்

படை திரட்டத் தொடங்கியபின் வேறு பாடங்கள் வந்தன. எந்தப் படையும் எல்லாப் படையையும் வெல்வதில்லை. குதிரைப்படையை வேற்படை தடுக்கும். வேற்படையை வில்லாளர் வீழ்த்துவர். வில்லாளரைக் குதிரைப்படை சிதறடிக்கும். ஆகவே பகைவன் எதைத் திரட்டுகிறான் என்பதை ஒற்றன்வழி அறிந்த பின்னரே நாம் திரட்ட வேண்டும். இது வலியறிதல்.

பகைவன் அடுத்த காலகட்டத்திற்கு முன்னேறப் பொருளையெல்லாம் செலவிட்டிருக்கும் நேரத்தில் அவனிடம் படை குறைவாக இருக்கும். அந்த வேளை தவறினால் மீண்டும் வாய்ப்பதரிது. இது காலமறிதல்.

மேட்டில் நின்று தாக்குவோரின் வலிமை 25 விழுக்காடு கூடும். பள்ளத்தில் நிற்போரின் வலிமை அதே அளவு குறையும். இது இடனறிதல். இதை என் நண்பனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. மேட்டைக் கண்டதும் அவன் கை தானாகவே அங்கே கோபுரம் அமைக்கும். “கீழே இருந்து ஏறி வர்றவன் மூச்சு வாங்கித்தான் வருவான்” என்பான்.

வெற்றியின் சுவை

செப்டம்பர் மாதத்தில் ஒருநாள், இணைக்கப்பட்ட இரு கணினிகளில் எதிரெதிரே விளையாடினோம். அவன் ஒரு மலையின்மேல் வலிய அரண் அமைத்திருந்தான். நேரே மோதினால் எனக்குத் தோல்வி உறுதி. ஆகவே இருபது குதிரை வீரர்களைக் காட்டைச் சுற்றி அனுப்பி, அரணுக்குப் பின்னாலிருந்த வயல்களில் புகுந்தேன். ஆயுதமற்ற குடியானவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தனர். அவனது படை மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் வயல்களில் எவரும் இல்லை. உணவு நின்றது, புதிய வீரர்களை அவனால் திரட்ட முடியவில்லை. அரைமணி நேரத்தில் வென்றுவிட்டேன்.

பொருளாதாரத்தின் வேரை அறுப்பது இவ்விளையாட்டில் புகழ்பெற்ற உத்தி. நான் கைகொட்டிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“என் படை அப்படியே நிக்குது. நீ அதத் தொடவே இல்ல. வயல்ல வேல செஞ்சவங்களத்தான் கொன்ன.”

“ஜெயிக்கிறதுக்கு அதுதான்டா வழி.”

அவன் தன் பங்குப் பணத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து சென்றான். அதன்பின் அவன் விளையாட வரவில்லை. தோற்ற கோபம் என்றே நான் எண்ணிக்கொண்டேன்.

சேந்தமங்கலத்தில் கேட்டது

அக்டோபரில் எங்கள் வரலாற்றாசிரியர் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்திற்கு எங்களை அழைத்துச் சென்றார். காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் தலைநகராகக் கொண்டிருந்த ஊர் அது. கோயிலின் நிழலில் அமர்ந்து அவர் கூறிய வரலாறு என் மனத்தில் ஒரு விளையாட்டாகவே விரிந்தது.

சோழருக்கு அடங்கிய சிற்றரசனாகத் தொடங்கியவன் கோப்பெருஞ்சிங்கன். பாண்டியரின் படையெடுப்பால் சோழநாடு தளர்ந்திருந்தது. அவன் காலத்தை அறிந்தான். தெள்ளாற்றில் சோழரை வென்றான் என்கிறது வயலூர்க் கல்வெட்டு. கி.பி. 1231ஆம் ஆண்டளவில் சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். ஆனால், சோழருக்குப் போசளரின் நட்பு இருந்தது. போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் தன் தண்டநாயகர் இருவரைப் பெரும்படையுடன் அனுப்பினான். சோழன் விடுவிக்கப்பட்டான். இவற்றையெல்லாம் கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரம் கோயிலின் கல்வெட்டு விரித்துரைக்கிறது.

“அந்தக் கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது” என்றார் ஆசிரியர். “சேந்தமங்கலத்தை நெருங்கும் முன், அந்தப் படை வழியிலிருந்த ஊர்களை அழித்தது. எந்தெந்த ஊர்கள் என்று பெயர் சொல்லிப் பெருமையோடு பொறித்திருக்கிறார்கள். கோப்பெருஞ்சிங்கனைப் பணியவைக்க அவனுடைய நாட்டைப் பாழாக்கினார்கள்.”

மாணவர்கள் குறிப்பெடுத்தனர். என்னால் எழுத முடியவில்லை. தண்டநாயகர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அழிந்த ஊர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவ்வூர்களில் ஏர் பிடித்திருந்தவர்களின் பெயர்கள் எங்கே? காட்டைச் சுற்றி நான் அனுப்பிய இருபது குதிரைகள் என் கண்முன் வந்து நின்றன. என் நண்பன் கோபப்பட்டது தோல்விக்காக அன்று என்பது அப்போது புரிந்தது.

தெரிந்து தெளிவோம்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேர்வராயன் மலை, பச்சைமலை, சவ்வாது மலை ஆகியவை இதன் அண்டை மலைகள். கோமுகி ஆறு இம்மலையில் தோன்றுகிறது. இம்மலைப்பகுதி மூன்று ஜாகீர்களாகப் பிரிக்கப்பட்டு ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. 1976இல் அரசு அதனைத் தன் நேரடி ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தது.

களத்தில் கிடந்த சாமை

தீபாவளி விடுமுறைக்கு ஊர் சென்ற நண்பன் இரண்டு வாரமாகியும் திரும்பவில்லை. வருகைப்பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே விடுப்புக் குறிகள் நீண்டன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, விடுதிக் காப்பாளரின் இசைவுடன், கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பேருந்தில் அமர்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து முனகியபடி ஏறியது. சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் கீழே சுருங்கி மறைந்தன.

அவன் வீட்டின் முன் களத்தில் சாமைக் கதிர் குவிந்து கிடந்தது. அவனுடைய தந்தை இடறி விழுந்து கால் உடைந்து, கட்டுப்போட்டுத் திண்ணையில் படுத்திருந்தார். தாயும் அவனும் மட்டும் அறுத்து, சுமந்து, களம் சேர்த்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் சற்றே திகைத்தான், பிறகு, “சாமை களத்துல கிடக்குது. மழை வந்தா அவ்வளவுதான். விட்டுட்டு எப்படி வர்றது?” என்றான்.

நான் இரண்டு நாள் அங்கேயே தங்கினேன். மாடுகளைக் கட்டிக் கதிரின்மேல் ஓட்டினோம். வைக்கோலை உதறினோம். காற்று வந்தபோது தூற்றினோம், நின்றபோது காத்திருந்தோம். முதல்நாள் மாலையிலேயே என் உள்ளங்கைகள் கொப்பளித்துவிட்டன. திரையில் ஒரு சொடுக்கில் நிரம்பும் உணவுக் கிடங்கு என் நினைவில் வந்துகொண்டே இருந்தது. விளையாட்டில் ஒரு குடியானவர் உருவாக 25 நொடி போதும். என் நண்பன் உருவாகப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரவில் அவனுடைய பாட்டனார் நெருப்பின் அருகே அமர்ந்து ஜாகீர்க் காலத்துக் கதைகளைச் சொன்னார். யார் யாருக்கு வரி கட்டினார்கள், எந்தப் பாதையில் கடுக்காயும் தேனும் சமவெளிக்கு இறங்கின என்பவையே அவருடைய வரலாறு. எந்தப் போரையும் அவர் குறிப்பிடவில்லை. “மேலே ராஜா மாறுவாரு தம்பி. கீழே களம் மாறாது” என்றார்.

களத்திலிருந்து வீட்டிற்குச் சாமை மூட்டைகளைச் சுமந்தபோது நண்பனிடம் சேந்தமங்கலத்தைப் பற்றிச் சொன்னேன். “அன்னிக்கு நான் செஞ்சது தப்புடா” என்றேன். அவன் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, “வெளையாட்டுத்தானே” என்றான். சிறிது தூரம் நடந்தபின், “ஆனா எனக்கு அது வெளையாட்டா தெரியல” என்றான்.

ஞாயிறு மாலை கடைசி மூட்டை வீடு சேர்ந்தது. அவனுடைய தந்தை திண்ணையிலிருந்தபடியே என்னை அழைத்தார். “கூட்டிட்டுப் போ தம்பி. மத்தத நாங்க பாத்துக்கிறோம்.” திங்கள் விடியலில் இருவரும் முதற்பேருந்தில் இறங்கினோம்.

சாமை விதி

நண்பன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தான். ஆசிரியர் பயிற்சி பெற்றான். இன்று மலைப்பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறான். வேலையின்றி நிற்போரைக் காட்டும் பொத்தான் வாழ்க்கையில் இல்லை. ஒரு வகுப்பில் காலியாகக் கிடக்கும் இருக்கையை எவரேனும் ஒருவர் எழுந்து சென்று தேடத்தான் வேண்டும். இப்போது, மாணவர் எவரேனும் மூன்று நாள் வராவிட்டால் அவனே வீடு தேடிச் செல்கிறான்.

2022இல் அந்த விளையாட்டின் புதிய பதிப்பில் இந்திய அரசமரபுகளுக்கென ஒரு விரிவாக்கம் வெளிவந்தது. அதில் திராவிடர் ஒரு நாகரிகமாக இடம்பெற்றனர். இராசேந்திர சோழனின் படையெடுப்புகளை விளையாடலாம். சுருள்வாள் வீரர்களும் திரிசடை என்னும் கப்பலும் உண்டு. என் மகள் அதை விரும்பி விளையாடுகிறாள். விடுமுறை நாள்களில் மலையிலிருந்து இணைய இணைப்பு கிடைக்கும்போது, அவளுக்கு எதிரே விளையாடுபவன் என் நண்பன்தான்.

அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. அதற்குச் ‘சாமை விதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படையோடு படை மோதலாம், அரணை உடைக்கலாம், வயலில் இருப்பவர்களைத் தொடக்கூடாது. அவ்விதியால் ஆட்டம் நீண்டுவிடுகிறது; எளிய வழி அடைபடுவதால் இருவரும் வலியையும் காலத்தையும் இடத்தையும் இன்னும் கூர்மையாக எண்ணவேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் என் மகள் தோற்றாள். அவளது குதிரைப்படை தற்செயலாக நண்பனின் வயலோரம் சென்றுவிட்டது. அங்கே காவல் ஏதும் இல்லை. ஒரு சொடுக்கில் அவள் வென்றிருக்கலாம். அவள் கை சற்றே தயங்கியது. பின்னர் குதிரைகளைத் திருப்பிக்கொண்டு, மேட்டின்மேல் நின்ற கோட்டையை நோக்கிச் செலுத்தினாள்.

கற்பவை கற்றபின்

1. நாடு, அரண், பொருள்செயல்வகை, படைமாட்சி ஆகிய அதிகாரங்களின் வரிசைமுறை உணர்த்தும் கருத்தை வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கோட்டை அல்லது கோயிலுக்குச் சென்று, அதன் வரலாற்றில் இடம்பெறாத உழைப்பாளர்களைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.
3. நீங்கள் விளையாடும் விளையாட்டு ஒன்றில், வெற்றிக்கு வழி இருந்தும் நீங்கள் தவிர்க்க விரும்பும் செயல் எது? காரணம் கூறுக.