செவி சொன்ன சாட்சி

கருநாடக மாநிலத்தின் விஜயபுராவுக்கு, அதாவது பழைய பீஜப்பூருக்கு, நீங்கள் செல்ல நேர்ந்தால் கோல் கும்பஸைக் காணாமல் திரும்பிவிடாதீர்கள். 1627 முதல் 1656 வரை ஆண்ட சுல்தான் முஹம்மது ஆதில் ஷாவின் அடக்கத்தலம் அது. சுமார் 44 மீட்டர் விட்டமுள்ள அதன் குவிமாடத்தின் கீழே நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மூலைக் கோபுரத்தின் குறுகிய படிகளில் ஏறினால், குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றியுள்ள வட்ட மாடத்தை அடையலாம். எதிர்ப்புறச் சுவரோரம் ஒருவர் முணுமுணுத்தால் இப்புறம் தெளிவாகக் கேட்கும். கை தட்டினால் ஓசை பலமுறை திரும்பி வரும்.

எங்கள் மதரஸா மாணவர்களுடன் அங்கே சென்றிருந்தேன். சுவரோரம் நின்று வரலாற்றை விளக்கியபோது, யாரோ மெல்லிய குரலில் என் பேச்சைக் கேலியாகத் திருப்பிச் சொன்னது காதில் விழுந்தது. என் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் அக்குரல் வந்தது என்று ஆணையிட்டுக் கூறவும் தயங்கியிருக்க மாட்டேன். பின்னால் நின்ற மாணவனைக் கடிந்துகொண்டேன். “ஹஜ்ரத், நான் வாயே திறக்கவில்லை” என்று கண் கலங்கினான். நான் நம்பவில்லை. சற்று நேரத்தில் எதிர்ப்புறத்திலிருந்து வேறொரு மாணவன் ஓடி வந்து, “நான்தான் ஹஜ்ரத்” என்று ஒப்புக்கொண்டான்.

வளைந்த சுவரை ஒட்டியே தவழ்ந்து வரும் ஒலி, நமக்கு அருகிலுள்ள சுவரிலிருந்து காதை எட்டுகிறது. அவ்விடத்திலேயே பேசியவனும் நிற்கிறான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

இது சுற்றுலாத் தலத்து வேடிக்கை மட்டுமன்று. 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டார். கட்டடங்களும் பாலமும் சூழ்ந்த அச்சதுக்கத்தில் வேட்டொலி எதிரொலித்தது. பின்னாளில் இதனை ஆராய்ந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு, 178 சாட்சிகளின் வாக்குமூலங்களைத் தொகுத்தது. ஊர்வலத்திற்குப் பின்னே இருந்த புத்தகக் கிடங்கிலிருந்து ஒலி வந்ததாக 49 பேரும், முன்னே இருந்த புல்மேட்டிலிருந்து வந்ததாக 21 பேரும், வேறிடங்களிலிருந்து வந்ததாக 30 பேரும் கூறியிருந்தனர். எஞ்சிய 78 பேரால் திசையை அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை.

பொய்ச்சாட்சி பெரும் பாவம் என்று பாடம் நடத்துபவன் நான். பொய் சொல்லும் எண்ணமே இல்லாதவனும் தவறாகச் சாட்சி கூறிவிட முடியும் என்பதை அந்த மாடத்தில்தான் கற்றேன். அம்மாணவனிடம் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.

வாசகர்களே! தெருச் சண்டையாயினும் அண்டை வீட்டுச் சச்சரவாயினும், “சத்தம் அங்கிருந்துதான் வந்தது” என்று விரல் நீட்டுமுன் சற்று நிதானியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் நேர்மையான சாட்சியமே. நம் செவியைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டல்லவா!