நைட் ஹால்ட் எங்கே பாஸ்?

'ஒரு வண்டி மட்டும் இருந்தா போதும்டா, நினைச்ச இடத்துல நிறுத்தித் தூங்கிக்கலாம்'னு உங்க செட்ல ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருப்பானே? போன டிசம்பர் வரைக்கும் எங்க செட்ல அந்த ஒருத்தன் நான்தான்!

செமஸ்டர் லீவுக்கு நியூசிலாந்து மாமா கூப்பிட்டார். தெற்குத் தீவு முழுக்க மூணு வாரம் மோட்டார்ஹோம்ல சுத்துறதா பிளான். கட்டில், காஸ் அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கிற, சக்கரம் வெச்ச வீடு அது. கிறைஸ்ட்சர்ச்ல வண்டியை எடுத்தோம். நம்ம ஊர் மாதிரியே இடது பக்க டிரைவிங். ஸ்டீயரிங் மாமா கையில், கிச்சன் அத்தை கையில், 'இன்ஜினீயராச்சே'ன்னு மேப் என் கையில். "நைட் ஹால்ட் எங்கேடா?"ன்னு மாமா கேட்டார். "போய்ப் பார்த்துக்கலாம் மாமா"ன்னு கெத்தா சொன்னேன்.

எங்களைக் கவுத்தது சூரியன்தான்! அங்கே டிசம்பர்னா கோடை. ராத்திரி 9 மணிக்கும் நல்ல வெளிச்சம். அந்தத் தைரியத்துல அரிசி, பருப்பு வாங்கிட்டு சாயங்காலம்தான் கிளம்பினோம். சுமார் 225 கிலோமீட்டர் தள்ளி டெகாபோ ஏரி. பனியாறு அரைச்ச பாறைத்தூள் கலந்து, தண்ணியே பால் ஊத்தின நீல நிறம். கரையில 1935-ல கட்டின குட்டி சர்ச். 'இங்கேயே தூங்கலாம்'னு இறங்கினா, 'இரவு தங்கக் கூடாது'ன்னு போர்டு! அடுத்த பார்க்கிங்லயும் அதே போர்டு. காசு கொடுத்துத் தங்குற இடத்துக்குப் போனா, 'இடம் இல்லை'.

வெளிச்சம் போயிடுச்சு. மாமா கண்ணைக் கசக்கிக்கிட்டே ஓட்டினார். ஒரு வளைவுல சக்கரம் ரோட்டை விட்டுச் சரளையில இறங்கிடுச்சு. "என்னங்க!"ன்னு அத்தை கத்தின சத்தம் இன்னும் காதுல இருக்கு. மாமா ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாகூடத் தேவலை பாஸ்.

கடைசியில மண் ரோட்டுல ஒரு முகாம் கிடைச்சது. ஆளே இல்லை. காசைக் கவர்ல வெச்சு உண்டியல் மாதிரி பெட்டியில போடணும். போட்டுட்டு நிமிர்ந்தா... வானம் முழுக்க நட்சத்திரம்! 2012-லயே இந்த ஏரியாவை 'இருள் வானக் காப்பகம்'னு அறிவிச்சிருக்காங்க. ஆனா ரசிக்கிற மூடு எனக்கு வரலை.

மறுநாள் உட்கார்ந்து ரூல்ஸ் படிச்சேன். 2011-ல ரக்பி உலகக் கோப்பைக்கு முன்னாடியே இதுக்குத் தனிச் சட்டம் போட்டுட்டாங்க. கண்ட இடத்துல தங்கி அசுத்தம் பண்றவங்களைக் கட்டுப்படுத்தத்தான். 2023-ல சட்டம் இன்னும் டைட். சில இடங்கள்ல இலவசமா தங்கலாம். ஆனா பெரும்பாலும் 'செல்ஃப் கன்டெய்ன்ட்' வண்டிக்குத்தான் அனுமதி. அதாவது, அசையாமப் பொருத்தின டாய்லெட் வேணும். மூணு நாள் தண்ணியையும் கழிவையும் வண்டியே தாங்கணும். குடிக்க, கழுவ எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்தான் கணக்கு. நம்ம ஹாஸ்டல் பக்கெட்டை நினைச்சுப் பாருங்க! மாட்டினா 400 டாலர் அபராதம் வரலாம்.

நீங்க கிளம்பினா இதெல்லாம் ஞாபகம் வெச்சுக்குங்க:

* வண்டி எடுக்கும்போதே பச்சை வாரன்ட் கார்டு இருக்கான்னு பாருங்க. கார்டு இருந்தாலும் எல்லா இடத்துலயும் தங்க முடியாது; போர்டைப் படிங்க.

* கழிவுத் தண்ணியை அதுக்குன்னு இருக்கிற 'டம்ப் ஸ்டேஷன்'ல மட்டும் கொட்டுங்க.

* முதல் நாள் தூரமா போகாதீங்க. அன்னிக்குத் தங்குற இடத்தை முன்னாடியே புக் பண்ணிடுங்க. ரெண்டாவதா ஒரு இடமும் கையில இருக்கட்டும்.

* வெளிச்சத்தை நம்பாதீங்க, வாட்சைப் பாருங்க.

அன்னிக்கு அவோராகி மலையடிவார முகாமுக்கு மதியம் 3 மணிக்கே போய்ச் சேர்ந்துட்டோம். 3,724 மீட்டர் மலை எதிரே நிக்க, அத்தை சுடச்சுட ரசம் சாதம் போட்டாங்க. சாப்பிட்டு முடிச்சு மாமா கேட்டார்: "நாளைக்கு எங்கேடா?"

இந்த வாட்டி நோட்டையே நீட்டிட்டேன். மூணு வாரத்துக்கும் லிஸ்ட் ரெடி!