சுவருக்குப் பின்னால் யார்?

"ரெண்டு காப்பி, ஒண்ணு ஸ்ட்ராங்!" என்று சிப்பந்தி போடுகிற கூச்சல் இல்லாவிட்டால் நம் ஊர் ஹோட்டல் ஹோட்டலாகவே இராது. ஆனால் ஒரு வார்த்தை பேசாமல், ஆள் முகத்தையே பார்க்காமல் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரும் ஹோட்டல் நியூயார்க்கில் இருந்தது என்றால் நம்புவீர்களா?

அதற்கு 'ஆட்டோமாட்' என்று பெயர். ஹார்ன், ஹார்டார்ட் என்ற இரு கூட்டாளிகள் 1902-ல் பிலடெல்பியாவில் அதை ஆரம்பித்து, 1912-ல் நியூயார்க்குக்கும் கொண்டு வந்தார்கள்.

வாருங்கள், அந்த நாள் ஆட்டோமாட்டுக்குள் நுழைவோம். சுவர் நெடுகத் தபாலாபீஸ் பெட்டிகளைப் போலச் சின்னஞ்சிறு கண்ணாடிக் கதவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பலகாரம். 'நிக்கல்' எனப்படும் ஐந்து சென்ட் காசைத் துளையில் போட்டுக் குமிழைத் திருகினால் கதவு திறக்கும். காப்பியோ டால்பினின் வாயிலிருந்து கொட்டும்! தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், காலியான பெட்டியில் இன்னொரு தட்டு உட்கார்ந்திருக்கும். வைத்தது யார்? பேயா, பூதமா?

மர்மத்தைத் துலக்கியவர்கள் சினிமாக்காரர்கள்தான். 1962-ல் வந்த 'தட் டச் ஆஃப் மிங்க்' படத்தில் கதாநாயகி டோரிஸ் டேயின் சிநேகிதிக்கு ஆட்டோமாட்டில்தான் உத்தியோகம். இவள் சுவருக்கு முன்னால், அவள் பின்னால். பலகாரப் பெட்டியின் வழியாகவே இருவரும் வம்பளப்பார்கள். காசு போடாமலே தட்டுகளும் இந்தப் பக்கம் வந்து சேரும்! பூதம் வேறு யாருமில்லை, ஒரு பெண்பிள்ளைதான்!

நிஜத்திலும் அப்படித்தான். சுவருக்குப் பின்னே சுழலும் உருளைகளில் சிப்பந்திகள் ஓயாமல் தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். முன்புறம் கண்ணாடிக் கூண்டில் சில்லறை மாற்றித் தந்தவர்களும் பெண்களே. விரல்களில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, ஒரு டாலருக்கு இருபது நிக்கல்களை எண்ணிப் பார்க்காமலே கைத்தடவலில் அள்ளிப் போடுவார்களாம். காய்கறிக்காரியிடம் சில்லறை வாங்கி மூன்று தரம் எண்ணுகிற நாம் மூக்கில் விரலை வைக்க வேண்டியதுதான்!

ஐந்து சென்ட் காப்பி 1950 வரையில் தாக்குப் பிடித்தது. அப்புறம் விலைவாசி ஏறிற்று. ஹாம்பர்கர் கடைகள் பெருகின. கடைசி ஆட்டோமாட்டும் 1991-ல் கதவடைத்தது. பிலடெல்பியா ஆட்டோமாட்டின் சுவரில் ஒரு பகுதியை ஸ்மித்ஸோனியன் காட்சிசாலை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறது. சுவரைப் பத்திரப்படுத்தலாம். தட்டு வைத்த கைகளை என்ன செய்வது?

இதென்ன, அமெரிக்காவோடு போன அதிசயமா என்கிறீர்களா? நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். காலையில் காப்பி 'தானாகவே' வருகிறது என்பார். சமையலறைச் சுவருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவருக்கும் ஒரு நாள் தெரிய வேண்டாமா? நாளைக் காலையில், முதலில் ஒரு நிக்கல் போடச் சொல்லுங்கள்!