கறுப்பின் மேல் வெள்ளி

மாடிப்படி ஏறி முடித்ததும், துணிக்கொடியில் வரிசையாக மார்புக் கவசங்கள் தொங்குவதைப் பார்த்தேன். எட்ட நின்று பார்த்தால் அடி வாங்கிய பழைய இரும்பு. ஒன்றைக் கழற்றிக் கையில் வாங்கினேன்; அரை கிலோகூடத் தேறாது. செருப்பின் அடிப்பாகத்துக்கும் குழந்தைகள் தவழும் தரைப்பாய்க்கும் போகிற அதே ஈ.வி.ஏ. ஃபோம்தான். பெரியமேட்டில் தோல், செருப்புச் சாமான் விற்கும் கடைகளிலிருந்து தாள் தாளாக வாங்கி வருகிறார்கள்.

சாலிகிராமத்தில் சினிமாவுக்குக் கலைப்பொருட்கள் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை அது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தது. அதிலிருந்து, அனிமே, வீடியோ கேம் பாத்திரங்களாக வேடம் கட்டும் காஸ்ப்ளே பிள்ளைகளின் ஆர்டரும் வரத் தொடங்கியிருக்கிறது. நான் போனது டிசம்பர் கடைசி வாரம். வெட்டுவதும் ஒட்டுவதும் முடிந்து, பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. நான் பார்க்க ஆசைப்பட்டதும் அதைத்தான்.

விஸ்காம் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த பெண் ஒருவர் ஹீட் கன் பிடித்திருந்தார். முனைக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோலக் கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. சாம்பல் பூத்தாற்போல மங்கிக் கிடந்த பரப்பு, சூடு பட்ட இடத்தில் மட்டும் மெல்லப் பளபளத்தது. "இந்தப் பளபளப்பு வந்ததும் நகந்துடணும் சார். கொஞ்சம் அசந்தா சுருண்டுக்கும்" என்றார். ஃபோம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள். வெட்டிய இடத்திலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடத்திலும் அவை வாய் திறந்து கிடக்கும். சூடு அந்த வாய்களை உருக்கி மூடுகிறது. மூடாமல் பெயின்ட் அடித்தால் ஃபோம் குடித்துக்கொண்டே இருக்கும். நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். எல்லாவற்றையும்விட விளிம்புக்குத்தான் தாகம் அதிகம். அவர் விளிம்புகளுக்கு மட்டும் இரண்டாம் முறை சூடு காட்டினார்.

அடுத்தது பிரைமர். காசு குறைவாக உள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்கு, ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஐந்தாறு கோட் பூசிக் கொடுக்கிறார்கள். ஒரு கோட் காய்ந்த பிறகே அடுத்தது. பரப்பு வழவழவென்று வரும். ஆனால் வியர்வையில் ஊறினால் பிசுபிசுக்கும். சென்னையில் கவசத்துக்குள் நுழைந்தவர் வியர்க்காமல் இருப்பாரா? கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்களுக்கு ரப்பர் ஸ்பிரே. மூன்று, நான்கு கோட் அடித்தால் ஃபோமின் மேல் ஒரு தோல் போல உட்கார்ந்துகொள்கிறது. ஃபோம் வளைந்தால் அதுவும் வளைகிறது. வளைவதுதான் இங்கே முக்கியம். இரும்புக்கும் மரத்துக்கும் அடிக்கிற முரட்டு பிரைமரை அடித்தால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். போட்டுக்கொண்டவர் கையைத் தூக்கியதும் அக்குள் பக்கம் வயல் வெடிப்பு போல விரிசல் விடும்.

அடிப்பூச்சாகக் கறுப்பு காய்ந்திருந்த ஒரு தோள் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சினிமா பேனர் வரைந்தவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை அடித்துக்கொண்டு போன பிறகு, சுவருக்கு பெயின்ட் அடித்துப் பிழைத்தவர். இங்கே எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'.

பிரஷ்ஷை வெள்ளியில் தோய்த்தார். பிறகு பழந்துணியில் துடைத்தார், துடைத்தார், பிரஷ்ஷில் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிற வரைக்கும் துடைத்தார். அதற்கப்புறம்தான் கவசத்தின் மேல் இழுத்தார். மேடுகளில் மட்டும் வெள்ளி பிடித்தது. பள்ளங்களில் கறுப்பு அப்படியே தங்கியது. நான்கு இழுப்பில் ஃபோம் இரும்பானதை ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"இரும்புக்குன்னு தனிக் கலர் கிடையாது தம்பி. எதிர்ல இருக்கிறதத்தான் அது காட்டும். மேல வானம், கீழ தரை. நடுவுல ஒரு இருட்டு. அதப் போட்டாத்தான் இரும்பு" என்றார். பேனரில் கதாநாயகியின் ஒட்டியாணத்துக்குக் காவி, அரக்கு, மஞ்சள், கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி என்று வைத்துத் தங்கத்தை வரவழைத்த கை அது. கறுப்பைத் தண்ணீராகக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேலே துணியால் ஒற்றி எடுத்தார். ஆணித் தலைக்குக் கீழே செம்பழுப்பில் ஒரு கோடு இழுத்து, விரலால் கீழ்நோக்கித் தேய்த்தார். மழைத் தண்ணீர் துருவைக் கீழேதானே இழுத்துப் போகும்?

எனக்குக் கூத்துக் கலைஞர்களின் கட்டைகள் நினைவுக்கு வந்தன. கல்யாண முருங்கை மரத்தில் குடைந்து, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடமும் புஜகீர்த்தியும். விடிய விடிய ஆட வேண்டிய உடம்புக்குக் கனம் கூடாது, பார்க்கிறவர் கண்ணுக்குக் கனம் குறையக் கூடாது. இங்கேயும் அதே கணக்குதான். இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒன்று மட்டும் மனதை உறுத்தியது. ஹீட் கன் வேலையிலும் ஸ்பிரே அடிக்கும்போதும் அவர்கள் கட்டியிருந்தது சாதாரணத் துணி மாஸ்க். அது தூசியைக்கூடப் பாதிதான் தடுக்கும். கரைப்பானின் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். கேட்டேன். "ஒண்ணு இருக்கு சார், மூணு பேர் மாத்தி மாத்திப் போட்டுக்கிறோம்" என்றார் அந்தப் பெண். அன்றைக்கு அது மாஸ்டரின் பைக்குள் இருந்தது.

போன மழைக்காலத்தில் நடந்ததையும் சொன்னார்கள். நாலே நாளில் வேண்டும் என்று ஒருவர் ஆர்டர் கொடுத்திருக்கிறார். வெளியே தூறல். வேறு வழியில்லாமல், ஈரக்காற்றிலேயே கடைசிக் கோட்டாக கிளியர் லாக்கரை அடித்திருக்கிறார்கள். காயக் காய அத்தனை வேலையின் மேலும் பால் கொட்டியதுபோல வெள்ளை படர்ந்துவிட்டது. காற்றின் ஈரம் பூச்சில் சிக்கினால் அப்படித்தான் ஆகும். வெயில் வரக் காத்திருந்து, திரும்ப மெல்லிசாக அடித்துச் சரிசெய்ய இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்குக் கூலி கேட்டபோது, "காயப்போட்டதுக்கெல்லாமா காசு?" என்றாராம் வந்தவர்.

நான் கிளம்பும்போது மாஸ்டர் அந்தத் தோள் கவசத்தைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார். நாளை வெயில் அடித்தால் கிளியர் கோட், இல்லாவிட்டால் நாளை மறுநாள். பிப்ரவரி காமிக் கானுக்குக் கவசம் வேண்டும் என்கிறவர்கள் டிசம்பரிலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். கூலி பேசும்போது, பூச்சு காயும் நாட்களையும் சேர்த்துப் பேசுங்கள்.